கறுப்பு என்றால் காற்று

ஜெலுத்தோங், பினாங்கு
9 அக்டோபர் 2022

அன்புள்ள மோகனுக்கு,

இங்கே நானும் மிதுவும் சுகம். நீங்கள் சுகம் என்பதை மிது சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். தினமும் மகளைப் போனில் கூப்பிடுகிறீர்கள். "அம்மாகிட்ட குடு" என்று ஒரு நாளும் கேட்பதில்லை. கேட்டாலும் என்ன, இரண்டாவது வாக்கியத்தில் நீங்கள் கத்துவீர்கள், மூன்றாவதில் நான் அழுவேன், மிது போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

வகுப்பு தொடங்கிவிட்டது. டயக்னோஸ்டிக் ரேடியோகிராஃபி, நாலு வருஷப் பட்டப்படிப்பு. இந்தப் பெயரை நம் பிளாட்டில் யாராலும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. கீழ்வீட்டுக் கமலாம்பிகை அக்கா "எக்ஸ்ரே படிப்பு" என்று சுருக்கிவிட்டார். பள்ளி விட்டதும் மிதுவை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். யாழ்ப்பாணத்து வீடு, தினமும் புட்டு. இப்போது உங்கள் மகளுக்கு என் சமையல் இறங்குவதில்லை.

முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். நானும் படிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிக் கடைசி வரிசைக்குப் போவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு பெண் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் கொடுத்தாள். ஷாஹிரா. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவள் அப்பா நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். என் வயதில் பாதிதான் இருப்பாள், ஆனால் ஃபிசிக்ஸில் புலி. படம் எடுக்கும் மெஷினில் கேவி, எம்ஏஎஸ் என்று இரண்டு அளவு வைக்க வேண்டும். எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. அவள் சொன்னாள்: "அக்கா, கேவின்னா குழம்பு சோத்துக்குள்ள எவ்வளவு ஆழமா இறங்குதுன்னு. எம்ஏஎஸ்னா எத்தனை கரண்டி ஊத்துறோம்னு. அவ்வளவுதான் லா." புரிந்துவிட்டது. பசியும் வந்துவிட்டது.

உங்களைக் கேட்காமல் மனுப் போட்டது தப்பு. எத்தனை தடவை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்கிறேன். மனுப் போட்டது தப்பில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கவுன்டரில் உட்கார்ந்து ஆட்களை உள்ளே அனுப்பினேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே எனக்கு வயதாகிவிடும் போலிருந்தது. பிந்துலுவில் வேலை, குடும்பத்தோடு போகலாம் என்று நீங்கள் சொன்னபோது நான் சரி என்றது பொய் இல்லை. இடம் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கிடைத்த பிறகு விட முடியவில்லை.

கோபம் இருந்தால் எழுத்தில் கோபப்படுங்கள். வாசித்துக்கொள்கிறேன்.

பிரமிளா


பிந்துலு, சரவாக்
6 நவம்பர் 2022

பிரமிளா,

கடிதம் கிடைத்தது. எனக்கு உன்னை மாதிரி எழுத வராது. வருவதை எழுதுகிறேன்.

கம்பெனி இங்கே குடும்ப வீடு கொடுத்திருக்கிறது. இரண்டு அறை. ஒன்றில் நான். இன்னொன்றில் மிதுவுக்கு என்று வாங்கிய மேசை, பெட்டி பிரிக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. போர்மேன் பார்க்கும்போதெல்லாம் "ஃபேமிலி எப்ப வருது?" என்று கேட்பார். முதலில் அடுத்த மாதம் என்றேன். பிறகு பள்ளி லீவில் என்றேன். இப்போது அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார். கேட்டபோதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை.

உலகத்தில் எத்தனையோ படிப்பு இருக்கிறது. நீ போய் எக்ஸ்ரேயைப் பிடித்திருக்கிறாய். வெல்டர் பெண்டாட்டி எக்ஸ்ரே படிக்கிறாள் என்று தெரிந்து இங்கே எல்லோருக்கும் சிரிப்பு. ஏன் என்று உனக்குத் தெரியுமோ என்னவோ. நாங்கள் நாள் முழுக்க வெயிலில் நின்று கேஸ் குழாயை ஒட்டுவோம். ஆட்கள் எல்லாம் போன பிறகு ஒரு கூட்டம் வந்து, சுற்றிக் கயிறு கட்டி, எங்கள் வெல்டிங்கைப் படம் எடுக்கும். வெளியே பார்த்தால் மீன் செதில் மாதிரி அழகாக இருக்கும். படத்தில் மட்டும் உள்ளே ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். காற்று சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் காலையில் வந்தால் குழாயில் மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டிருக்கும். வெட்டு, மறுபடி ஒட்டு. அந்த எக்ஸ்ரேக்காரன் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. திட்டுவது மட்டும் தினமும் திட்டுகிறோம்.

நாலு வருஷம் சின்னக் காலம் இல்லை, பிரமிளா. மிது புட்டு சாப்பிடட்டும். ஆனால் என் முகத்தை மறந்துவிடப் போகிறாள்.

மோகனராஜ்


ஜெலுத்தோங், பினாங்கு
18 பிப்ரவரி 2023

அன்புள்ள மோகனுக்கு,

உங்கள் மகள் உங்களை மறக்கவில்லை. பள்ளியில் "என் குடும்பம்" என்று படம் வரையச் சொன்னார்களாம். உங்களை வெல்டிங் முகமூடியோடு வரைந்திருக்கிறாள். "அப்பா முகம் எங்கடி?" என்று கேட்டேன். "அப்பா வேலையில இருக்காங்கம்மா, இப்ப கழட்டக்கூடாது" என்றாள். சீனப் பெருநாள் லீவுக்கு வருவீர்கள் என்று பார்த்திருந்தாள். நானும்தான். வரவில்லை. சரி, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், முதலில் நல்ல சேதி.

கறுப்பு என்றால் காற்று என்று எழுதியிருந்தீர்களே, படித்ததும் எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. எங்களுக்கும் அதேதான்! நெஞ்சுப் படத்தில் நுரையீரல் கறுப்பு, எலும்பு வெள்ளை. நீங்களும் நானும் ஒரே அரிச்சுவடியைத்தான் வாசிக்கிறோம். ஒரு வித்தியாசம், உங்கள் குழாயில் காற்று இருந்தால் வம்பு, என் ஆட்களுக்குக் காற்று இல்லாவிட்டால் வம்பு. வகுப்பில் எழுந்து இதைச் சொன்னேன். எங்கள் லெக்சரர் மிஸ் ஊய் "உங்க கணவர் என்ன வேலை?" என்று கேட்டார். "வெல்டர், என் எதிரி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

ஃபிசிக்ஸ் பரீட்சையில் முதல் தடவை பெயில். சிரியுங்கள். ஷாஹிரா என்னைத் தன் அப்பா கடைக்கு இழுத்துப்போய், மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு மூலை மேசையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். மறுபரீட்சையில் பாஸ். அன்று அவள் அப்பா சீனி முகம்மது பாய் தன் கையாலேயே தட்டுப் போட்டு, சோறு தெரியாத அளவுக்குக் குழம்பை வெள்ளமாக ஊற்றினார். "பாய், எம்ஏஎஸ் அதிகமாயிடுச்சு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஷாஹிரா சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தாள்.

இப்போது ஆட்களை எப்படி நிற்கவைப்பது, படுக்கவைப்பது என்று படிக்கிறோம். மெஷினை அணைத்து வைத்து ஒருவரை ஒருவர் படம் எடுக்கிற மாதிரி பழக வேண்டும். கேட்பதற்குச் சுலபம். தோளை ஒரு விரல்கடை முன்னால் தள்ளாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் வந்து விழுந்துவிடும். வீட்டில் சாப்பாட்டு மேசைதான் என் எக்ஸ்ரே மேசை, மிதுதான் நோயாளி. அவளுக்கு எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. போன வாரம் கமலாம்பிகை அக்கா முழங்கால் வலி என்று வந்து உட்கார்ந்தார். மிது முன்னால் நின்று, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்றாள். அக்கா சொன்னார்: "பிள்ளை, எனக்கு நோகிறது முழங்கால். நான் ஏன் மூச்சைப் பிடிக்க வேணும்?"

இப்போது கடைசிக்கு வந்துவிட்டேன். ஏன் வரவில்லை?

பிரமிளா


பிந்துலு
11 ஜூன் 2023

பிரமிளா,

பயப்படாதே. வலது கையால்தான் எழுதுகிறேன், அது நன்றாக இருக்கிறது. உடைந்தது இடது மணிக்கட்டு. மழையில் ஏணியின் கடைசிப் படி வழுக்கியது, கையை ஊன்றி விழுந்தேன். வேறு ஒன்றும் இல்லை. மாவுக்கட்டுப் போட்டாயிற்று. போனில் சொன்னால் மிது அழுவாள் என்று சொல்லவில்லை.

பெருநாளுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாயே, கோபத்தில்தான் வரவில்லை. ஆனால் இப்போது நான் எழுத வந்தது அதைப் பற்றியும் இல்லை, கையைப் பற்றியும் இல்லை.

ஆஸ்பத்திரியில் என்னை எக்ஸ்ரே ரூமுக்கு அனுப்பினார்கள். உள்ளே ஒரு இபான் இனத்துப் பெண், உன் ஷாஹிராவை விடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். முதலில் என் பெயரைக் கேட்டாள். தாளில் இருக்கிறதே, பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதானே என்று எனக்குக் கோபம். பிறகு உட்காரச் சொல்லி, கையை மேசைமேல் குப்புற வைக்கச் சொன்னாள். வைத்தேன். உயிர் போனது. அடுத்து கட்டைவிரல் மேலே வருகிற மாதிரி பக்கவாட்டில் திருப்ப வேண்டும் என்றாள். "முடியாது, ஒரு படம் போதும்" என்று கத்திவிட்டேன். அவள் என் கையைத் தொடவே இல்லை. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "அபாங், கையை விட்டுடுங்க. நீங்க திரும்புங்க, கை தானா வரும்" என்றாள். தோளோடு, உடம்போடு மெதுவாகத் திரும்பச் சொன்னாள். கை அதுபாட்டுக்கு வந்து நின்றது. வலி இல்லை என்று சொல்லமாட்டேன். தாங்க முடிந்தது.

படம் எடுத்து முடிந்ததும் "உடைஞ்சிருக்கா?" என்று கேட்டேன். "டாக்டர் சொல்வார், அபாங்" என்று சிரித்தாள். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சொல்லவில்லை. என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, அடுத்த ஆளின் பெயரைக் கேட்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். எக்ஸ்ரே என்றால் நீ பட்டன் அமுக்கப் படிக்கிறாய் என்று நினைத்திருந்தேன். நாலு வருஷமா பட்டன் அமுக்கவா என்று இங்கே இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். நீ சாப்பாட்டு மேசையில் மிதுவைப் படுக்கவைத்துப் பழகுவது இதைத்தானா?

கை சரியாகும்வரை லீவு. வியாழக்கிழமை விமானத்தில் வருகிறேன். மிதுவிடம் சொல். முகமூடி இல்லாமல் வருகிறேன்.

மோகன்


பிந்துலு
24 செப்டம்பர் 2023

அன்புள்ள பிரமி,

வந்து சேர்ந்தேன். வீடு தூசி. காதில் இன்னும் உங்கள் இரண்டு பேர் சத்தம்.

கட்டுப் போட்ட கையோடு சும்மா இருப்பேன் என்று நினைத்துத்தான் வந்தேன். ஒற்றைக் கையால் உன் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போடக் கற்றுக்கொண்டேன். மிதுவுக்குச் சடை பின்ன ஒற்றைக் கை போதாது, அதனால் அவள் ஒரு பாதியைப் பிடிக்க நான் மறுபாதியைச் சுற்ற, கடைசியில் கமலாம்பிகை அக்கா அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவார். உன் வகுப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாயே, அந்த நாளை மறக்க மாட்டேன். "இவர்தான் என் எதிரி" என்று சொல்லி என் படத்தைத் திரையில் போட்டாய். அத்தனை பிள்ளைகள் என் மணிக்கட்டைப் பார்த்து வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். மிஸ் ஊய் என்னிடம் "வலிச்சப்போ அந்த ரேடியோகிராஃபர் என்ன சொன்னார்?" என்று கேட்டார். நான் மலாயில் திக்கித் திக்கிச் சொன்னேன். ஒரு பிள்ளை அதை எழுதிக்கொண்டது. என் வாழ்க்கையில் நான் பேசி யாரும் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

வந்த உடனே போர்மேன் ஒரு விஷயம் சொன்னார். வருஷக் கடைசியில் அவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என் பெயரைக் கொடுக்கப் போகிறாராம். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. போர்மேன் ஆனால் இந்த இடத்தை விட்டு நகர முடியாது. நீ முடித்துவிட்டு வர இன்னும் மூன்று வருஷம். கணக்குப் போட்டால் தலை வலிக்கிறது. நீ ஏதாவது சொல்.

உன் மோகன்


ஜெலுத்தோங், பினாங்கு
22 அக்டோபர் 2023

என் அன்பு மோகனுக்கு,

இப்போது நாம் தினமும் பேசுகிறோம், சண்டையும் இல்லை. இதையும் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்களிடமிருந்து உடனே ஒரு பதில் வந்துவிடும். எனக்கு உடனே வருகிற பதில் வேண்டாம், யோசித்த பதில் வேண்டும்.

செய்முறைப் பரீட்சைக்காக ஷாஹிராவும் நானும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் நோயாளி, நான் ரேடியோகிராஃபர். பெண்கள் யார் வந்தாலும் படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். கேட்காவிட்டால் அங்கேயே பெயில். மலாயில் கேட்டேன், ஆங்கிலத்தில் கேட்டேன், பிறகு தமிழில். "கர்ப்பமா இருக்கீங்களாம்மா? கடைசியா மாதவிலக்கு எப்ப வந்துச்சு?" அவளுக்குச் சலித்துவிட்டது. மேசையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "நான் எத்தனை தடவைதான் பதில் சொல்றது? நீங்க சொல்லுங்க அக்கா, உங்களுக்கு எப்ப வந்துச்சு?" என்றாள்.

விரல் விட்டு எண்ணினேன். கணக்கு ஆகஸ்டில் போய் நின்றது.

ஷாஹிரா என் முகத்தைப் பார்த்தாள். மேசையிலிருந்து குதித்து இறங்கி, என் தோளைப் பிடித்து முதலில் அறையை விட்டு வெளியே தள்ளினாள். மெஷின் அணைந்துதான் கிடந்தது, ஆனாலும் தள்ளினாள். பிறகு இரண்டு பேரும் மருந்துக் கடைக்கு ஓடினோம்.

ஆமாம். உங்கள் மாவுக்கட்டு லீவின் பலன். டாக்டரையும் பார்த்தாயிற்று. ஜூன் மாதம் என்கிறார்.

மறுநாள் காலையிலேயே மிஸ் ஊயிடம் சொன்னேன். இந்தப் படிப்பில் அதை மறைக்கக்கூடாது. முதலில் என்னைக் கட்டிப்பிடித்தார், அதன் பிறகுதான் லெக்சரர் ஆனார். வகுப்புப் பாடங்களுக்குத் தடையில்லை. ஆனால் ஏப்ரலில் தொடங்குகிற ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு என்னை இப்போது அனுப்ப மாட்டார்கள். ஒரு வருஷம் விட்டு, அடுத்த அக்டோபரில் பின்னால் வருகிற பிள்ளைகளோடு மறுபடி சேர வேண்டும். ஷாஹிரா முன்னால் போய்விடுவாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு திரும்பி வருகிறவர்கள் குறைவு என்றும் சொன்னார். பயமுறுத்தச் சொல்லவில்லை, உண்மையைச் சொன்னார்.

எனக்கு என்ன ஆசை என்று மறைக்கப் போவதில்லை. பிள்ளை வேண்டும். படிப்பு வேண்டும். நீங்களும் வேண்டும். உங்களுக்குப் போர்மேன் வேலை வருகிறது, அதுவும் எனக்குத் தெரியும். போன தடவை முடிவு செய்துவிட்டு உங்களிடம் சொன்னேன். இந்தத் தடவை சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன்.

மிதுவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என் வயிற்றைப் பார்த்து "மூச்சைப் பிடிங்க" என்பாள்.

உங்கள் பிரமி


பிந்துலு
1 நவம்பர் 2023

என் பிரமிக்கு,

யோசித்த பதில் வேண்டும் என்றாய். யோசித்ததை எல்லாம் அப்படியே எழுதுகிறேன். அதில் நல்லது மட்டும் இல்லை.

கடிதம் வந்த அன்று சந்தோஷம் தாங்கவில்லை. சைட்டில் எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தேன், ஏன் என்று சொல்லவில்லை. மறுநாள் மனசு வேறு வேலை செய்தது. இனிமேல் அவளால் படிக்க முடியாது, விட்டுவிட்டு இங்கே வந்துவிடுவாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. மிதுவின் மேசைப் பெட்டியைப் பிரித்தேன். நாலு காலையும் மாட்டினேன். அந்த மேசையிலேயே உட்கார்ந்து, "படிப்பு போதும், இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள்" என்று எழுதத் தொடங்கினேன்.

எழுத முடியவில்லை. உன் வகுப்பில் என் படத்தைத் திரையில் போட்டுப் பேசினாயே, அந்த முகம் வந்து குறுக்கே நின்றது. கல்யாணம் செய்து இத்தனை வருஷத்தில் உன் முகம் எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அதை நிறுத்தச் சொல்கிற ஆள் நானாக இருக்கக்கூடாது.

தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு கோகுலனைக் கூப்பிட்டேன். நம் கல்யாணத்துக்கு லோரி ஓட்டிக்கொண்டு வந்தானே, அவன்தான். இப்போது பினாங்குப் பாலத்துக்கு அக்கரையில், பிறை ஊரில் ஒரு வொர்க்ஷாப்பில் இருக்கிறான். அங்கே வெல்டர் வேண்டுமாம், பகல் வேலை மட்டும். காலையில் பாலம் தாண்டிப் போய் சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடலாம். பிப்ரவரியில் சேர்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ வகுப்பில் இருக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கமலாம்பிகை அக்காவிடமும் போனில் கேட்டேன். "என்ன பிள்ளை?" என்றார். அவருக்கு நீ சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மன்னித்துவிடு. இந்நேரம் பிளாட் முழுக்கத் தெரிந்திருக்கும்.

போர்மேனிடம் போய் எனக்கு அந்த இடம் வேண்டாம் என்றேன். "நீ விழுந்தப்போ அடிபட்டது கையிலதானே?" என்று கேட்டார்.

கோபம் எல்லாம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. நான் இங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்து வைத்திருந்தேன், அது இல்லாமல் போனதற்கு. அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன், நேரில் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். ஒரு வருஷம் பின்தங்கினால் என்ன? வெட்டி மறுபடி ஒட்டுவது எனக்குப் புதுசா?

மேசையைப் பக்கத்து வீட்டு இபான் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தீபாவளிக்கு வருகிறேன். அதுவரைக்கும் மாடிப்படியில் மெதுவாக ஏறு.

உன் மோகன்


தைப்பிங்
27 ஏப்ரல் 2025

என் அன்பு மோகனுக்கு,

பஸ் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. நீங்கள் கட்டிக் கொடுத்த சோறு மட்டும் வழியிலேயே தீர்ந்துவிட்டது.

பயிற்சிக்கு வந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை கிடைத்திருக்கிறது. என்னோடு வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். இங்கே வந்ததிலிருந்து மழை. தைப்பிங்கில் மழை பெய்யாவிட்டால்தான் செய்தி என்கிறார்கள். நாளையிலிருந்து எக்ஸ்ரே ரூமில் நிஜ ஆட்கள். மூத்த ரேடியோகிராஃபர் ஒருவர் கூடவே நிற்பார், ஆனால் செய்கிறவள் நான். ஷாஹிரா போன் செய்தாள். போன வருஷம் இதே ஆஸ்பத்திரியில் அவள் பயிற்சி செய்திருக்கிறாள். "முதல் ஆளை மட்டும் தாண்டிடுங்க அக்கா, அப்புறம் தானா வரும்" என்றாள். என் மகள் மாதிரி இருந்தவள் எனக்கு சீனியர் ஆகிவிட்டாள்.

நம் பத்து மாதக் குட்டி அருணன் என்னைத் தேடுகிறானா? தேடுகிறான் என்றாலும் கஷ்டம், இல்லை என்றாலும் கஷ்டம். நீங்களே பார்த்து ஒரு பதில் சொல்லுங்கள். பாட்டில் கழுவும்போது மூடியைத் தனியாகக் கழற்றுங்கள். மிதுவுக்குச் சடையைப் பள்ளிக்கு இரட்டையாகப் பின்ன வேண்டும். இப்போது உங்களுக்கு இரண்டு கையும் இருக்கிறது, சாக்குச் சொல்ல முடியாது.

பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. எது அதிகம் என்று நாளைக்குச் சொல்கிறேன்.

உங்கள் பிரமி


ஜெலுத்தோங், பினாங்கு
4 ஜூன் 2025

என் பிரமிக்கு,

சனிக்கிழமை அருணனுக்கு முதல் பிறந்தநாள். நீ வருகிறாய். ஹஜ்ஜுப் பெருநாளும் அன்றுதான், குர்பான் இறைச்சி பங்கிடும் வேலை முடிந்ததும் ஷாஹிரா சாயந்திரம் வருகிறேன் என்றாள். வீடு நிறைய ஆள் இருக்கும். இதை நேரிலேயே சொல்லலாம், ஆனால் எனக்கு வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பும்போது இதை உன் பையில் வைத்துவிடுகிறேன். பஸ்ஸில் படி.

நேற்று நாங்கள் மூன்று பேரும் தைப்பிங் வந்தோமே, நீ சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தபோது "இப்பத்தான் வந்தோம்" என்றேன். பொய். ரொம்ப நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டோம். எக்ஸ்ரே ரூமுக்கு வெளியே நோயாளிகளோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

கதவு திறந்தது. நீ வந்து "வடிவம்மாள்" என்று கூப்பிட்டாய். மிது எழுந்து ஓடப் பார்த்தாள். பிடித்து உட்காரவைத்தேன். ஒரு வயசான அம்மா மெதுவாக எழுந்து வந்தார். அவர் வந்து சேரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நீ எங்களைப் பார்க்கவில்லை. அந்த அம்மா நடக்கிற காலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

கொஞ்ச நேரத்தில் அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எஸ்டேட்டிலிருந்து தனியாக வந்திருக்கிறாராம். கேட்காமலே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, நெஞ்சுல படம் எடுக்கணும்னா தாலியைக் கழட்டணுமாம். போன தடவை ஒரு பையன் சொன்னான். நான் மாட்டேன்னு எழுந்து போயிட்டேன். அந்த மனுசன் போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருசம் ஆச்சு, அப்பவே நான் கழட்டல, இந்த மெசினுக்கா கழட்டுவேன்? இன்னைக்கு உள்ள ஒரு பிள்ளை இருக்கு. 'கழட்ட வேணாம்மா'ன்னு சொல்லிடுச்சு. அப்படியே தூக்கி என் கொண்டை மேல வச்சுக் கட்டிடுச்சு. 'இன்னைக்கு ஒரு நாள் ஐயா உங்க தலை மேல உட்காரட்டும்'னுச்சு. எனக்கு சிரிப்பு வந்திடுச்சு. 'சிரிக்காதீங்கம்மா, படம் ஆடுது'ன்னு அதுவும் சிரிக்குது."

நானும் சிரித்துவிட்டேன். அவர் அருணனைப் பார்த்தார், மிதுவைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரிக்கா எக்ஸ்ரே?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. உள்ள இருக்காங்க."

"ஐயோ பாவம், கைப்பிள்ளைக்காரி. என்ன செய்யுது அவளுக்கு?"

"ஒண்ணும் செய்யலம்மா. உங்க தாலியைத் தூக்கிக் கட்டினது அவங்கதான்."

அந்த அம்மா கதவைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ளையா?" என்றார். பிறகு அருணன் கன்னத்தைப் பிடித்து, "அப்ப இவனை யாரு பாத்துக்கிறது?" என்று கேட்டார்.

"நான்தாம்மா."

முன்பு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நான் வேறு பக்கம் பார்த்திருப்பேன். நேற்று அந்த ஹாலில் இருந்த எல்லோரிடமும் எழுந்து நின்று சொல்ல வேண்டும் போலிருந்தது, உள்ளே இருப்பது என் பெண்டாட்டி என்று. ஆனால் நீ அடுத்த ஆளைக் கூப்பிட வந்துவிட்டாய். கைக்கட்டுப் போட்ட ஒரு சின்னப் பையன், அழுதுகொண்டே வந்தான். நீ தரையில் குந்தி உட்கார்ந்து அவனிடம் என்னவோ சொன்னாய். நான் அருணனைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். உன்னைக் கூப்பிட்டிருந்தால் நீ வந்திருப்பாய், அந்தப் பையன் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அதனால் நான் வடிவம்மாளோடு நிறுத்திக்கொண்டேன். மிது நிறுத்தவில்லை. நீ வெளியே வருவதற்குள் அந்த வரிசை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

உன் மோகன்